பயம் பறிபோன நாய்

மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு ஓநாயைப் பழக்க எலும்பு இருந்தால் போதும். இரவில் வில்லோடு அலையும் எலும்புக்கூடுகளை வீழ்த்தினால் எலும்பு கிடைக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, காட்டில் திரியும் ஓநாய்க்குப் பக்கத்தில் போய் நீட்ட வேண்டும். ஒவ்வொரு எலும்புக்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். சிலது முதல் எலும்பிலேயே இணங்கிவிடும். சிலது பையைக் காலி செய்துவிட்டும் முறைத்துக்கொண்டு நிற்கும். இணங்கியதும் தலைக்கு மேல் சிவப்பு இதயங்கள் கிளம்பும், கழுத்தில் சிவப்புப் பட்டை ஒன்று ஏறும், ஓநாய் மண்ணில் குந்தி உட்காரும். அதற்குப் பிறகு அது நம் நாய். அதை உயிரோடு வைத்திருக்கப் படும் பாடும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடன்காரர் மார்க்குஸ் பெர்சன் 2009-இல் வெளியிடத் தொடங்கி, 2011 நவம்பரில் முழுமையாக வந்த விளையாட்டு இது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் இதை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-க்குள் 30 கோடிப் பிரதிகள் விற்றுவிட்டன. உலகம் முழுவதும் சதுரக் கட்டைகளால் ஆனது: மண், கல், மரம், தண்ணீர், மாடு, பன்றி எல்லாமே கட்டைதான். வெல்வதற்கென்று கட்டாயம் எதுவும் கிடையாது. வெட்டலாம், கட்டலாம், பயிர் வைக்கலாம், குகைக்குள் இறங்கலாம். ஓநாய்கள் 2011 மார்ச்சில் இந்த உலகத்துக்குள் வந்தன. நான் அவற்றைச் சந்தித்தது 2020-இல்.

எங்கள் ஊர் செங்கல். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில், நெடுஞ்சாலையில் உதியங்குளங்கரையிலிருந்து உள்ளே வர வேண்டும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போனபோது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுகொண்டது. அதனால் எங்கள் வீட்டில் பேச்சு தமிழிலும் படிப்பு மலையாளத்திலும் நடக்கிறது. உறவுக்காரர்களில் பாதிப்பேர் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம். ஒரு நல்லது கெட்டது என்றால் பஸ் ஏறிக் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவோம். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததும் அது எல்லாமே நின்றுபோனது. எல்லையில் தடுப்பு, ஊருக்குள் வெறிச்சோடிய சாலை. அண்ணன் மகன் அப்போது ஏழாம் வகுப்பு முடிக்கும் நிலையில் இருந்தான். பள்ளி மூடிவிட்டது. ஜூன் 1-ஆம் தேதி விக்டர்ஸ் கல்விச் சானலில் ‘ஃபஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கும்வரை அவனுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. எனக்கும் வேலை வீட்டிலிருந்துதான். மாலையானால் பழைய கம்ப்யூட்டரில் அவனும் லேப்டாப்பில் நானுமாக, ஒரே வைஃபையில் ஒரே உலகத்துக்குள் இறங்குவோம்.

அவன் பழக்கிய முதல் ஓநாய்க்கு டைகர் என்று பெயர் வைத்தான். மீன் பிடிக்கும்போது தற்செயலாகக் கிடைத்த பெயர்ச்சீட்டை அதற்கென்றே எடுத்துவைத்திருந்தான். கழுத்துப்பட்டைக்கு நீலச்சாயம் பூசினான். கையில் இறைச்சியை எடுத்தால் டைகர் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து நம் முகத்தையே பார்க்கும். தண்ணீரிலிருந்து கரையேறினால் உடம்பைச் சிலுப்பும், நாலு பக்கமும் துளி தெறிக்கும். அடிபட்டால் வால் கீழே இறங்கும். வாலின் உயரத்தைப் பார்த்தே எவ்வளவு உயிர் மிச்சம் என்று சொல்லிவிடலாம். இவ்வளவு நுட்பமாகக் கவனித்துச் செய்திருக்கிறார்களே என்று முதல் வாரத்தில் நான் வியந்துபோனேன். பெரும்பாலான நாய் வளர்ப்பவர்களே தங்கள் நாயின் வாலை இந்த அளவு பார்ப்பதில்லை.

பிறகு எரிச்சல்கள் வரிசையாக வந்தன. அந்த நாய்க்கு நாம் இடக்கூடிய கட்டளைகள் இரண்டுதான்: உட்கார், பின்னால் வா. ‘இங்கேயே சுற்றிக்கொண்டிரு’ கிடையாது. ‘வீட்டைக் காவல் பார்’ கிடையாது. ‘தள்ளி நில்’ கிடையாது. உட்கார வைத்தால் வெயில், மழை, இரவு எல்லாவற்றிலும் சிலைபோல அங்கேயே இருக்கும். எழுப்பிவிட்டால் காலுக்கடியில் வந்து நிற்கும். ஒற்றைக் கட்டை அகலத்தில் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே பாலம் போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து முட்டும். விளையாட்டில் உயிர்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பதால், அந்த முட்டலில் நாம் விளிம்பை விட்டு நழுவலாம்.

நாம் பன்னிரண்டு கட்டைத் தூரத்துக்கு மேல் போய்விட்டால் அது நடந்து வராது. நமக்குப் பக்கத்தில் திடீரென்று தோன்றும். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் தோன்றும் இடம் பாறை விளிம்பாக இருக்கலாம், நீருக்கடியில் உள்ள பனிக்கட்டியாக இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் தோன்றி மூச்சுமுட்டிச் சாகும் ஓநாய்கள் பற்றி இந்த விளையாட்டைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். நாம் வெகுதூரம் போய், அது நின்ற பகுதி விளையாட்டின் நினைவிலிருந்து இறக்கப்பட்டுவிட்டாலோ, தோன்றவும் தோன்றாது. திரும்பிப் போய்த் தேட வேண்டும். நெதர் எனும் அடியுலகத்துக்கு வாசல் வழியாகப் போனால், வாசலை அது தானாகத் தொட்டால் மட்டுமே கூட வரும்.

அடிபட்ட நாய்க்கு இறைச்சி கொடுத்தால் குணமாகும். உயிர் நிறைந்திருக்கும்போது அதே இறைச்சியைக் கொடுத்துவிட்டால் இனச்சேர்க்கைக்குத் தயாராகிவிடும். சண்டைக்குப் பிறகு இருட்டுக் குகையில் நாலைந்து நாய்களுக்கு அவசரமாக இறைச்சி நீட்டும்போது யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது குழம்பும். அடுத்த நிமிஷம் ஒரு குட்டி நம் காலைச் சுற்றும். அதுவும் நம் குட்டிதான், அதற்கும் பட்டை உண்டு. அதையும் கூட்டிக்கொண்டு மேலே ஏற வேண்டும்.

பூனைகளுக்குத் தொல்லை வேறு வகை. பச்சை மீன் கொடுத்துப் பழக்கிய பூனை, நாம் எழுப்பிவிட்ட மறுகணம் பெட்டியைத் தேடிப்போய் அதன் மேல் உட்காரும். அது உட்கார்ந்திருக்கும்வரை பெட்டி திறக்காது. எரியும் அடுப்பின் மேலும் படுக்கையின் மேலும் அதற்கு ஆசை அதிகம். அண்ணன் மகன் இதற்காகக் கத்துவான். எனக்கு அதில் கோபம் வந்ததே இல்லை. எங்கள் அடுக்களையில் அரிசிப்பானை மூடிமேல் படுத்துக்கொண்டு, ஆச்சி விறகால் தட்டினாலும் கண்ணை மட்டும் திறந்து மூடிய பூனையை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தொல்லைக்குள் பூனை இருந்தது. நாயின் தொல்லைகளில் நாயைக் காணவில்லை. அது ஏன் என்று பிடிபட எனக்குச் சில காலம் ஆனது.

டைகர் ஒரு சாயங்காலம் செத்தது. நிலத்தின் ஆழத்தில், வைரம் கிடைக்கும் அடுக்கில் இருவரும் வெட்டிக்கொண்டிருந்தோம். அந்த ஆழத்தில் தீக்குழம்பு ஏரியாகத் தேங்கிக் கிடக்கும். அவன் கல் பரப்பிக் கவனமாக வழி செய்திருந்தான். டைகர் அந்த ஏரியின் கரையோரமாக, ஓரத்தில் கால் வைக்காமல் சுற்றி நடந்து வந்தது. எதிர்க்கரையில் ஒரு எலும்புக்கூடு தெரிந்தது. பழகிய ஓநாய் எலும்புக்கூட்டைக் கண்டால் நிற்காது. யாரும் ஏவ வேண்டியதில்லை. டைகர் ஓடியது, கடைசி இரண்டு கட்டைத் தூரத்தில் பாய்ந்தது. பாய்ச்சல் தீக்குழம்பில் முடிந்தது. திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது: டைகர் தீக்குழம்பில் நீந்த முயன்றது என்று.

அவன் ஒன்றும் பேசவில்லை. எலும்புக்கூடு அம்பு விட்டுக்கொண்டே இருந்தது, அதையும் கவனிக்கவில்லை. பிறகு கேட்டான்.

“சித்தப்பா, அதுக்குத் தீ தெரியாதா?”

“தெரியும் மக்களே. இவ்வளவு நேரம் சுத்தித்தானே வந்துச்சு.”

“பிறகு என்னத்துக்குப் பாஞ்சுது?”

நான் பதில் சொல்லவில்லை. அவன் எழுந்துபோய்த் திண்ணையில் கறுப்பன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

கறுப்பன் எங்கள் வீட்டு நாய். நாட்டு நாய்தான்; யாரோ உதியங்குளங்கரைச் சந்தைக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போன குட்டியை அப்பா தூக்கிவந்தார். அதற்குச் சொன்ன பேச்செல்லாம் கேட்கும் வழக்கம் இருந்தது என்று சொல்ல முடியாது. தமிழில் கூப்பிட்டாலும் மலையாளத்தில் கூப்பிட்டாலும் புரியும். வருவதும் வராததும் அதன் முடிவு. கோயில் திருவிழாவில் வெடி வைக்கத் தொடங்கினால் ஆச்சியின் கட்டிலுக்கடியில் போய் ஒண்டும். பிடித்து இழுத்தாலும் நகராது. முழு வெடியும் அடங்கி, நாலு வீட்டு நாய்கள் குரைக்கத் தொடங்கிய பிறகே வெளியே வரும்.

அப்பா விடியற்காலையில் தனுவச்சபுரம் பக்கம் நடக்கப் போவார். வழியில் ரயில்பாதை. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் அந்தப் பாதை 1979-இல் திறந்தது. அதைத் திறந்த காலத்துக் கதைகள் அப்பாவிடம் நிறைய உண்டு. கறுப்பன் அவரோடு வரப்பிலும் மரச்சீனித் தோட்டத்து ஓரத்திலும் முன்னும் பின்னுமாக ஓடும். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் நின்றுவிடும். அப்பா அந்தப் பக்கம் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அது வாலை ஆட்டும், ஒரு காலைத் தூக்கும், திரும்ப வைக்கும். ஜல்லியில் கால் படாது. பிறகு ஒரு ஆவாரஞ்செடி நிழலில் படுத்துக்கொண்டு, அவர் திரும்பி வரும்வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் சின்ன வயதில் கூடப் போகும்போது, கயிற்றைக் கட்டி இழுத்துப் போகலாமே என்று கேட்டிருக்கிறேன். அப்பாவுக்கு அது பிடிக்காது.

“வேண்டாம்டே. அதுக்கு இங்க என்னமோ தெரியுவு. அத நாம கெடுக்கப்பிடாது” என்பார்.

அப்போது இருந்தது இந்தக் கறுப்பனுக்கு முந்தைய நாய். அதற்கும் கறுப்பன் என்றே பெயர். எங்கள் வீட்டில் கறுத்த நாய்கள் எல்லாம் கறுப்பன்தான். இரண்டும் தண்டவாளத்தைத் தாண்டவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதிர்வோ, இரும்பின் வாசனையோ, என்றோ ஒரு நாள் பக்கத்தில் கேட்ட இரைச்சலோ, ஏதோ ஒன்று அவற்றின் காலைப் பிடித்து நிறுத்தியது. அந்த நிறுத்தத்தை அப்பா தன் அழைப்பை விடப் பெரிதாக மதித்தார்.

டைகர் செத்த பிறகு, அண்ணன் மகனுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும் என்று அந்த ஓநாயின் உள்விதிகளைத் தேடிப் படித்தேன். கம்ப்யூட்டரில் ஓடும் ஜாவா பதிப்பின் நிரலைப் பிரித்துப் படித்து எழுதிவைத்தவர்கள் ஏராளம். ஓநாயின் மனம் ஒரு பட்டியல். மேலே இருக்கும் வேலைக்கு முதல் உரிமை. அதற்கு வழியில்லாதபோதுதான் அடுத்தது. தண்ணீரில் மிதப்பது முதலில். உட்காரச் சொன்னால் உட்காருவது அடுத்து. அதற்குக் கீழே எதிரிமேல் பாய்வது, கடிப்பது. அதற்கும் கீழேதான் எசமானனைப் பின்தொடர்வது. பிறகு இனச்சேர்க்கை, சும்மா உலாவுவது, இறைச்சிக்குத் தலை சாய்ப்பது, நம்மைப் பார்ப்பது. நடப்பதற்கு வழி கணக்கிடும்போது தீக்குழம்பைத் தவிர்க்கும் கணக்கு உண்டு. அதனால்தான் டைகர் கரையைச் சுற்றி வந்தது. பாய்வது வழிக்கணக்கில் சேராது. எதிரி இருக்கும் திசையில் ஒரு உந்தல், அவ்வளவே. நடக்கும் டைகருக்குத் தீ தெரியும், பாயும் டைகருக்குத் தெரியாது.

அந்தப் பட்டியலில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. காட்டு ஓநாய்க்கு லாமாவைக் கண்டால் பயம். லாமா 2016 நவம்பரில் இந்த விளையாட்டில் சேர்ந்த விலங்கு, தென்னமெரிக்க மலைகளின் ஒட்டக இனம். நிஜத்தில் வட அமெரிக்கப் பண்ணைகளில் ஆட்டு மந்தைக்குக் காவலாக லாமாவை விடுகிறார்கள். அது கொயோட்டிகளை விரட்டும். அந்த உண்மையை எடுத்து, வலுவான லாமா பக்கத்தில் வந்தால் ஓநாய் விலகி ஓட வேண்டும் என்று விதி எழுதியிருக்கிறார்கள். அந்த விதியிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: ஓநாய் பழகாததாக இருந்தால் மட்டும். எலும்பை வாங்கிக்கொண்டு கழுத்தில் பட்டை ஏறியதும் அந்தப் பயம் அணைந்துவிடுகிறது. பழகுவதற்கு முன் அந்த ஓநாய்க்கு நாலு இதயம் அளவு உயிர், கூடவே கொஞ்சம் பயம். பழகிய பின், அன்றைய கணக்கில், உயிர் பத்து இதயம், பயம் இல்லை.

இதைப் படித்தபோதுதான் என் எரிச்சல் எதன்மேல் என்று எனக்கே தெளிவானது. அந்த நாய் சொன்னதைக் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது கேட்பதைத் தவிர வேறு எதையும் செய்வதில்லை. பழக்குவது என்றால் விலங்கின் சொந்த அறிவைக் கழற்றி வைத்துவிட்டு நம் விருப்பத்தை மாட்டுவது என்று அங்கே கணக்காகிவிட்டது. அதனால் அந்த நாயின் பாதுகாப்பு முழுக்க நம் தலையில் விழுகிறது. பள்ளத்தை அதற்காக நாம் பார்க்க வேண்டும், தீயை நாம் பார்க்க வேண்டும், அம்பை நாம் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஐந்து நாய்களுக்குக் கண்ணாக இருக்க முடியுமா?

அதே நிரலில் ஓநாயைக் காப்பாற்றும் ஒரு மறுப்பும் இருக்கிறது. கிரீப்பர் என்ற பச்சை உருவம் சத்தமில்லாமல் நெருங்கி வந்து வெடிக்கும். நாமே அதை அடித்தாலும் பழகிய ஓநாய் அதன்மேல் பாயாது. எசமானன் யாரை அடிக்கிறானோ அவனைக் கடி என்ற விதிக்கு எழுதப்பட்ட மிகச் சில விலக்குகளில் அது ஒன்று. அந்த ஒரு விலக்கு இல்லாவிட்டால் வளர்ப்பு ஓநாய் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. எத்தனையோ நாய்களை உயிரோடு வைத்திருப்பது அவற்றின் இந்தக் கீழ்ப்படியாமைதான்.

நரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலில் வந்த பதிப்பில் பூனைகள் கிராமத்துக்குள் வந்தபோதே ஊசியிலைக் காட்டுக்குள் நரிகளும் வந்தன. காட்டு நரியை எதைக் கொடுத்தும் பழக்க முடியாது. கிட்டே போனால் ஓடும். குனிந்து மெல்ல நகர்ந்தால்தான் நெருங்க முடியும். இனிப்புப் பெர்ரி கொடுத்து இரண்டு நரிகளை இணை சேர்த்தால் பிறக்கும் குட்டி மட்டும் நம்மை நம்பும். நம்பினாலும் பின்னால் வராது. பெரிய நரிகளோடு கிளம்பிப் போய்விடும். கூட்டிவர வேண்டுமென்றால் கயிறு கட்ட வேண்டும். வாயில் அகப்பட்டதைக் கவ்விக்கொண்டு திரியும், கோழியை விரட்டும், பகலில் சுருண்டு தூங்கும், ஓநாயைக் கண்டால் ஓடும். நம்மை யாராவது அடித்தால் மட்டும் எங்கிருந்தோ வந்து கடிக்கும்.

இந்த நரியைச் செய்தவர்களுக்கு ருஷ்ய நரிகளின் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. 1959-இல் நோவோசிபிர்ஸ்கில் திமித்ரி பெல்யாயேவ் என்ற மரபியலாளர் தோல் பண்ணை நரிகளை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். மனிதனைக் கண்டு குறைவாக மிரளும் நரிகளை மட்டும் தேர்ந்து, தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தார். சில தலைமுறைகளிலேயே வாலாட்டும், கையை நக்கும் நரிகள் பிறந்தன. மடங்கிய காதும் வெள்ளைத் திட்டும்கூட வந்தன. அவருக்குப் பிறகு லுட்மிலா த்ருத் அந்த வேலையைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். நாய் மனிதனிடம் வந்ததும் இதுபோன்ற வழியில்தான், ஆனால் அது மிக நீண்ட பாதை. அதில் குறைந்தது மனிதனிடம் உள்ள மிரட்சி. நெருப்பு, பள்ளம், பாம்பு இவற்றைப் பற்றிய எச்சரிக்கை மறையவில்லை. அதனால்தான் கறுப்பனால் என் அப்பாவை நம்பவும் தண்டவாளத்தை நம்பாமலிருக்கவும் ஒரே நேரத்தில் முடிந்தது.

அண்ணன் மகனுக்கு நரிதான் கடைசியில் பிடித்துப்போனது. “அது நம்மள விட்டுட்டுப் போவும் சித்தப்பா. ஆனா சாவாது” என்றான்.

பழகிய விலங்கு தன் எச்சரிக்கையை விடாததை யானையிடமும் பார்க்கலாம். எங்கள் வீட்டுக்கு வடக்கே, நெய்யாறு அணைக்கட்டுக்குப் பக்கத்தில் கோட்டூர் காப்புக்காட்டில் வனத்துறையின் யானை மறுவாழ்வு மையம் இருக்கிறது. தாயைப் பிரிந்த குட்டிகளும் வயதான யானைகளும் அங்கே இருக்கின்றன. குடும்பத்தோடு பார்க்கப் போவோம். குளிப்பாட்டும் நேரத்தில் பாகன்மாரைக் கவனித்தால் ஒன்று தெரியும்: யானையின் காதும் கண்ணும் எப்போதும் அவர்கள் பார்வையில் இருக்கும். யானை தயங்கினால் அவர்களும் தயங்குவார்கள். புதுத்தரையில் யானை முதலில் பாரத்தை மெல்ல வைத்துச் சோதிக்கும். அதன் எடைக்கு மண் தாங்குமா என்பது அதற்குத்தான் தெரியும். மதம் பிடிக்கும் காலத்தில் எத்தனை வருஷப் பழக்கமும் செல்லாது என்பது கேரளத்தில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். பழகிய விலங்கு என்பதற்கு எங்கள் பக்கத்தில் இருக்கும் பொருள் இது: நம்மோடு இருக்கச் சம்மதித்திருக்கும் ஓர் உயிர். அந்தச் சம்மதத்துக்கு எல்லை உண்டு. எல்லை தெரிந்தவன்தான் பாகன்.

பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதி மீண்டும் திறந்தன. பின்னர் அவன் பள்ளியின் லிட்டில் கைட்ஸ் அணியில் சேர்ந்தான். கேரளத்தில் கைட் நிறுவனம் 2018-இல் அரசு, உதவிபெறும் பள்ளிகளில் தொடங்கிய மாணவர் அமைப்பு அது. அனிமேஷன், மின்னணுவியல், செயலி, நிரலெழுத்து எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஊடகக்கூடம் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் மொழியில் நிரல் எழுத வைப்பார்கள்; வண்ண வண்ணத் துண்டுகளை இழுத்துப் பொருத்தினால் நிரல் ஆகிவிடும். ஒருநாள் அதில் செய்த ஒரு நாயைக் கொண்டுவந்து காட்டினான். மௌஸை நகர்த்தினால் பின்னால் வரும். திரையின் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குளம். மௌஸ் குளத்தின் மேல் போனபோது நாய் கரையைத் தாண்டவில்லை. மௌஸை அவன் மறுபக்கத்துக்குக் கொண்டுபோனான். நாய் குளத்தை நோக்கி ஐந்தடி வைத்தது, பத்தடி பின்வாங்கியது, திரும்ப வைத்தது, திரும்பப் பின்வாங்கியது. கரையிலேயே ஆடிக்கொண்டு நின்றது.

அவன் பொருத்தியிருந்த துண்டுகளைப் பார்த்தேன். ‘மௌஸை நோக்கித் திரும்பு, ஐந்து அடி போ’ என்பதற்குக் கீழே, ‘ஆரஞ்சு நிறத்தைத் தொட்டால் பத்து அடி பின்னால் போ’ என்று ஒன்று. அவ்வளவுதான் வித்தியாசம். வரிசையில் பயம் கட்டளைக்குப் பிறகு வந்தது. ஆனால் கட்டளையின் ஐந்தைப் பயத்தின் பத்து வென்றது.

“கறுப்பன் ரயில்பாதைல நிக்கும்லா, அது மாதிரி” என்றான்.

நான் அவனிடம் சொல்ல நினைத்திருந்த பதிலை அவன் செய்தே முடித்துவிட்டான்.

விளையாட்டும் அதே திசையில்தான் நகர்ந்திருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. நாங்கள் விளையாடிய காலத்துக்குப் பிறகு வந்த பதிப்புகளில், உடம்பில் தீப்பற்றினாலோ உறைபனியில் சிக்கினாலோ ஓநாய் மிரண்டு ஓடும் விதி சேர்ந்தது. 2024 ஏப்ரலில் எட்டுப் புதிய வகை ஓநாய்கள் வந்தன. ஆர்மடில்லோ என்ற விலங்கின் ஓட்டிலிருந்து செய்யும் கவசம் வந்தது. பழகிய ஓநாயின் உயிர் இருபது இதயமாக இரட்டித்தது.  கவசத்தை விடவும் உயிரின் அளவை விடவும் அந்த மிரட்சிதான் பெரிய கொடை என்பேன்.

கிளிகளின் கதையிலும் இதே அக்கறை இருக்கிறது. 2017-இல் கிளியைச் சேர்க்கும்போது, முதலில் சாக்லேட் பிஸ்கட் கொடுத்துப் பழக்குவதாக வைத்திருந்தார்கள். சாக்லேட் கிளிகளுக்கு விஷம், பிள்ளைகள் இதைப் பார்த்து வீட்டுக் கிளிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பலர் எடுத்துச் சொன்னார்கள். உடனே விதை கொடுத்துப் பழக்குவதாக மாற்றினார்கள். பிஸ்கட் கொடுத்தால் கிளி செத்துவிடும் என்றும் ஆக்கினார்கள். திரைக்குள் கற்பதைப் பிள்ளைகள் வெளியே கொண்டுவருவார்கள் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்ட இடம் அது. நம் ஊர்க் கிளியைக் கூண்டில் வைப்பதே 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அண்ணன் மகனுக்கு அந்தச் சாக்கில் சொன்னேன்.

ஆகவேதான் இதை வெறும் விளையாட்டுக் குறை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நாய் என்றால் என்ன என்பதைப் பல பிள்ளைகள் இன்று முதலில் திரையில் கற்கிறார்கள். எலும்பு கொடுத்தால் நம்முடையது, சொடுக்கினால் உட்காரும், தொலைந்தால் இன்னொன்று என்று மனதில் பதிந்தவன், நிஜ நாய் மறுக்கும்போது அதைக் குற்றமாகப் பார்ப்பான். கடையிலிருந்து பனிநாட்டு நாய்களை வாங்கிவந்து எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் கட்டிப்போட்டு, பேச்சுக் கேட்கவில்லை என்று சாலையில் விடுகிறவர்களை நான் பார்க்கிறேன். அவர்கள் தேடியது பட்டை போட்ட ஓநாயை. கிடைத்தது ஒரு நாய்.

பிள்ளைகளுக்கு நாய் வாங்கிக்கொடுப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உட்காரச் சொல்லிக்கொடுப்பதற்கு முன், அது எங்கே நிற்கிறது, எதைக் கண்டு பின்வாங்குகிறது என்று ஒரு மாதம் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளை கூப்பிட்டும் அது வராத இடத்தில், அவன் அதனிடம் போய் நின்று அது பார்க்கும் பக்கம் பார்க்கட்டும். விளையாட்டு செய்பவர்களிடமும் ஒரு ஆசையைச் சொல்லிவைக்கிறேன்: தீக்குழம்பின் கரையில் நின்று உறுமி, நாம் எத்தனை தடவை சொடுக்கினாலும் ஓரடி எடுத்து வைக்காத ஒரு ஓநாயை எங்களுக்குக் கொடுங்கள். அதற்காக எங்கள் வீட்டில் இன்னொரு பெயர்ச்சீட்டு காத்திருக்கிறது.